தீவுக்கு ஆள் கிடைக்கும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்த பெரியவர்கள், தீவைக் கட்டிப்பார் என்று ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குறையை வசனக்கா தீர்த்துவைத்தாள். எந்த உளவாளிப் படம் டப்பிங்குக்கு வந்தாலும் சரி, வில்லனின் தீவு திரையில் தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவாள். நடுக்கடலில் இத்தனை கான்கிரீட் எப்படி வந்து சேர்ந்தது? மலையைக் குடைந்து ஏசி போட்டிருக்கிறானே, அது மக்கர் பண்ணினால் மெக்கானிக் எந்தப் படகில் வருவான்? ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு துப்பாக்கியோடு ஓடுகிறார்களே, இத்தனை பேரும் பெண்டாட்டியிடம் என்ன வேலை என்று சொல்லிவிட்டு வந்தார்கள்? யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்த கதையாக, ராக்கெட் வைத்திருப்பவன் ஒரு கக்கூஸ் கட்டியதாகக் காட்டமாட்டார்கள். ரெக்கார்டிங் அறையில் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

வெளிநாட்டு நடிகர்களின் வாய் அசைவைப் பார்த்து, அதற்குள் அடங்குகிற மாதிரி நம் பேச்சை எழுதுவது அவள் வேலை. அவன் உதட்டை மூடும் இடத்தில் நம் வார்த்தையும் உதட்டை மூட வேண்டும். அவன் வாயைப் பிளந்தால் நம் வார்த்தையும் பிளக்க வேண்டும். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுகிற பிழைப்பு என்று அவளே சொல்லிக்கொள்வாள். அதனால் எந்த நடிகனாவது கேமராவுக்கு முதுகைக் காட்டிவிட்டால் அவளுக்குக் கொண்டாட்டம்தான். வாய் தெரியாதபோது அவனை என்ன வேண்டுமானாலும் பேச வைக்கலாம். மூலப்படத்தில் இல்லாத கிண்டல், இல்லாத தத்துவம், இல்லாத மிரட்டல் எல்லாம் அந்த முதுகுகளின்மேல்தான் ஏற்றப்படும். முதுகு வசனம் என்று அதற்கு ஸ்டுடியோவில் பெயர். அதில் வசனக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இந்தத் தடவை வந்த படத்தில் முதுகு நீளமான முதுகு. வில்லன் மாடியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கீழே முற்றத்தில் அவன் கடத்திக்கொண்டு வந்தவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். இங்கிருந்து யாரும் தப்ப முடியாது என்று மூலத்தில் ஒரே ஒரு வரி, பிறகு வெறும் அலைச்சத்தம். அவளுக்குக் கை அரித்தது. ஏன் தப்ப முடியாது? நாலு பேரைத்தான் காவலுக்கு நிறுத்தியிருக்கிறான், கீழே அத்தனை பேர் இருக்கிறார்கள், காரணம் சொல்ல வேண்டாமா? அவள் புருஷனைத்தான் கேட்டாள்.

கேட்டதில் தப்பில்லை. அவர் தீவில் வேலை பார்க்கிறவர். யாரோ பெரிய பணக்காரர் ஒரு தீவை வாங்கி உல்லாச விடுதி கட்டிக்கொண்டிருக்கிறார், அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் அவர் பொறுப்பில் இருக்கிறது. இதுதான் அவளுக்குத் தெரிந்தது. லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. குடும்பத்தை அழைத்துப் போக அனுமதி கிடையாது. வீடியோ அழைப்பில்தான் குடித்தனம் நடந்தது. அவள் படக் கேள்விகளுக்கு மற்றவர்கள் சிரிப்பார்கள், அவர் மட்டும் சிரிக்காமல் யோசித்துப் பதில் சொல்வார். "சாத்தியம்தான்" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். வீட்டில் ஒரு குழாய் சொட்டினால்கூடத் தூங்காமல் எழுந்துபோய் அடைக்கிற நிதானமான மனுஷர்.

"வில்லன் வீட்டுல கக்கூஸ் கழுவுறது யாருங்க?" என்று அன்றைக்கு ஆரம்பித்தாள்.

"அதுக்கெல்லாம் ஆள் கிடைக்கும். உலகத்துலயே சுலபமா கிடைக்கிறது ஆள்தான். சிமெண்ட் கொண்டுபோறதுதான் கஷ்டம்."

"சரி, கீழ நிக்கிறவங்க ஏன் ஓடல? அத்தனை பேர் சேர்ந்து நாலு பேரை மிதிச்சா ஆச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காவலே வேண்டாம். சுவர் வேண்டாம், நாய் வேண்டாம். தண்ணிக் குழாய்ச் சாவி ஒருத்தன் கையில இருந்தா போதும். சொன்னபடி வேலை செஞ்சா திறக்கணும், செய்யலைன்னா மூடணும். ஆனா முழுசா மூடக் கூடாது. அதுலதான் எல்லாரும் தப்பு பண்ணுவாங்க. முழுசா மூடினா மனுஷன் துணிஞ்சிடுவான். நாக்கு நனையற அளவு விட்டுப்பாரு, அந்தச் சொட்டுக்காக நாளெல்லாம் குழாயடியிலேயே உக்காந்திருப்பான். எங்க ஓடுவான்?"

அவளுக்கு உடம்பு புல்லரித்துப் போனது. "என்னைவிட நல்லா எழுதுவீங்க போலிருக்கே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவரும் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். வார்த்தையைக்கூட அதிகம் மாற்றாமல் அப்படியே வில்லனின் முதுகில் ஏற்றிவிட்டாள்.

அந்த அழைப்பு முடியும்போது வழக்கம்போலத் தம்பி பேச்சையும் எடுத்தாள். அம்மா போன பிறகு அவள் மடியில் வளர்ந்த தம்பி. ஜெனரேட்டர் ரிப்பேர் பார்ப்பவன். எந்தக் கடையிலும் நிலைக்காமல் காலில் சக்கரம் கட்டியவனாக அலைந்துகொண்டிருந்தான். அவனுக்கும் தீவில் ஒரு வேலை பாருங்கள் என்று அவள் அரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தவர், கடைசியில் சரி என்றார். வேலை உறுதியாயிற்று. இந்தக் கதை நடக்கிற நாளுக்கு மறுநாள் காலை தம்பி கிளம்ப வேண்டும். அவனுக்குப் புதுப் பெட்டி வாங்கித் தந்ததும் அவள்தான்.

அன்று ரெக்கார்டிங் அறையில் கூட்டக் குரல் வேலை. வில்லனின் குரல் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. பேசியவர் கர்ஜனை அண்ணன். ஊரிலுள்ள எல்லா வில்லன்களுக்கும் அவர்தான் குரல். வீட்டில் மனைவி கூப்பிட்டால் மட்டும் வாயில் வார்த்தை வராது. அந்த முதுகு வசனத்தை அவர் பேசி முடித்தபோது சவுண்ட் இன்ஜினியர்கூட எழுந்து நின்று கைதட்டினார். இனி கீழே நிற்கும் கைதிகளின் முணுமுணுப்பு, அழுகை, பெருமூச்சு மட்டும் பாக்கி. அதற்கென்று ஒரு அம்மாள் ஆள் பிடித்துக்கொண்டு வருவாள். ஆணும் பெண்ணுமாக ஒரு மைக்கைச் சுற்றி நின்று, ஹெட்போனில் வில்லன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே முனகுவார்கள். அன்று வந்தவர்களில் ஒருத்தி புதுசு. ஒல்லியான பெண், தொண்டை கட்டிய குரல். முனகலுக்கு ரொம்பப் பொருத்தம் என்று அந்த அம்மாள் சிபாரிசு பண்ணியிருந்தாள்.

முதல் தடவை ஓடியது. எல்லோரும் முனகினார்கள், புதுசு முனகவில்லை. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். "புதுசாம்மா நீங்க? பயந்த மாதிரி ஒரு சத்தம் குடுத்தா போதும்" என்று மைக்கில் சொன்னார். இரண்டாவது தடவை ஓடியது. 'முழுசாக மூடமாட்டேன், நாக்கு நனைகிற அளவு விடுவேன்' என்று கர்ஜனை அண்ணன் குரல் வந்த இடத்தில் அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றி, அது சுடுவதுபோலக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மயக்கமோ என்று வசனக்கா உள்ளே ஓடினாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அந்தப் பெண் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

"இதை எழுதினது யாருங்க?"

"நான்தான்." வசனக்காவுக்கு உள்ளூர ஒரு பெருமிதம்கூட வந்தது. வசனம் இத்தனை தூரம் வேலை செய்திருக்கிறதே என்று நினைத்தாள். அந்த நினைப்பை நினைத்து அப்புறம் எத்தனையோ நாள் அவள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லணுமா என்ன? நானே யோசிச்சு..."

"இல்லக்கா. இது யோசிச்சு வர்றது இல்ல. இது எங்ககிட்ட சொன்னது. இதே வார்த்தை. முழுசா மூட மாட்டேன், பயப்படாதீங்கன்னு சொன்னாங்க."

வெளியே படிக்கட்டுக்குக் கீழே தேநீர் குடிக்கும் இடத்தில் ஒரு பெஞ்சு உண்டு. அங்கே அழைத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் சொன்னது சுருக்கம்தான், ஒரு அழுகை கிடையாது, அலங்காரம் கிடையாது. போனில் பேசுகிற வேலை, தங்குமிடம் இலவசம் என்று படகில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். போய்ச் சேர்ந்தது ஒரு தீவு. போனில் முகம் தெரியாதவர்களை ஏமாற்றிப் பணம் கறக்க வேண்டும், அதுதான் வேலை. கறக்காதவர்கள் இருக்கும் பிளாக்குக்குத் தண்ணீர் குறையும். அடி உதை எதுவும் கிடையாது. காவல்காரர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்துப் படுக்கைக்காரியின் மேல் அடைபட்டவர்களே பாய்வார்கள், உன்னாலதான் குழாயில் தண்ணி வரல என்று.

"ஒருத்தி கடல் தண்ணியைக் குடிச்சா" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் அவ இல்ல."

இவளுக்குக் காய்ச்சல் வந்து குரலே நின்றுபோனதாம். குரல் இல்லாதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கரையில் இறக்கிவிட்டு, வாயைத் திறந்தால் உன் வீடு எங்களுக்குத் தெரியும் என்று சொல்லி அனுப்பினார்களாம். ஒரு தடவை துணிந்து போலீஸில் சொல்லியிருக்கிறாள். எந்தப் படம்மா இது என்று கேட்டுச் சிரித்தார்களாம்.

உலகத்தில் ஒரே ஒரு தீவா இருக்கிறது என்று வசனக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தண்ணீர் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி யோசிப்பார்கள், ஒரே மாதிரி பேசுவார்கள். தன் புருஷனும் யாரிடமாவது கேட்டிருப்பார்.

"அதைச் சொன்னது யாரு? முதலாளியா?"

"முதலாளியை நாங்க பார்த்ததே இல்லக்கா. சொன்னவரு தண்ணி சார். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ரொம்ப மரியாதையா பேசுவாரு. சாப்பிட்டீங்களாம்மா, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டுட்டுத்தான் குழாயைக் குறைப்பாரு. பேசறதுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாரு."

கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும் துடைக்கத்தான் செய்வார்கள். இப்படி ஒரு சமாதானம் மனதுக்குள் வந்தபோதே அவள் கை தானாகப் போனை எடுத்துவிட்டது. போன லீவில் எடுத்த படம். அவர் தம்பியின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். தம்பியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, அவரை மட்டும் காட்டினாள்.

அந்தப் பெண் போனைத் தொடவில்லை. பெஞ்சில் பின்னால் நகர்ந்தாள், விளிம்புவரை நகர்ந்தாள். "இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

ஊரார் வாய்க்கெல்லாம் வார்த்தை வைத்தவளுக்குத் தன் வாயில் வைக்க ஒன்றும் அகப்படவில்லை. என் புருஷன் என்று சொல்ல ரொம்ப நேரம் ஆயிற்று. சொன்னதும் அந்தப் பெண் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வேறொரு படத்துக்குப் பேச வந்திருந்த கர்ஜனை அண்ணன் தேநீர் குடிக்கப் படியிறங்கி வந்தவர், இரண்டு பேர் முகத்தையும் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். அவர் குரலைக் கேட்டால் அந்தப் பெண் மறுபடி நடுங்குவாளோ என்று வசனக்கா அவருக்குப் பேசாதீர்கள் என்று சைகை காட்டினாள். விஷயம் தெரியாமலே அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீ இங்கயே இரும்மா. எங்கயும் போயிடாதே. நான் வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன். என் தம்பி நாளைக்கு அங்க கிளம்பறான்" என்றாள். வேறெதுவும் அப்போது அவள் மண்டையில் ஏறவில்லை. புருஷனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். போனது போகட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள், அந்த அளவுக்குப் புத்தி பேதலித்திருந்தது. தம்பி படகில் ஏறக் கூடாது. அவனையும் ஏமாற்றித்தான் கூட்டிப்போகிறார்கள், ஜெனரேட்டர் வேலை என்று நம்பிப் போய் மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று பேருந்தில் வருகிற வழியெல்லாம் பதறிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் தம்பி கட்டிலில் சட்டைகளைப் பரப்பி மடித்துக்கொண்டிருந்தான். புதுப் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. "என்னக்கா இவ்வளவு சீக்கிரம்? எனக்கு டாட்டா காட்டவா?" என்று சிரித்தான். அவள் நேராகக் கூடத்துக்கு வந்து புருஷனை அழைத்தாள். முதலில் அவர் வாயிலிருந்து ஒரு 'இல்லை' வாங்கிவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியாக இருந்தது. இல்லை என்று அவர் சொன்னால் போதும், அந்தப் பெண்ணைப் பொய்க்காரி என்று நம்பிவிடலாம்.

அவர் திரையில் வந்தார். பின்னால் நீலக் குழாய்கள் வரிசையாக ஓடின. எத்தனையோ நாள் பார்த்த குழாய்கள்தான்.

"என்னம்மா இந்த நேரத்துல? தம்பி எல்லாம் எடுத்து வெச்சுட்டானா?"

"அங்க உங்களை தண்ணி சார்னா கூப்பிடறாங்க?"

அவர் வாய் எதற்கோ திறந்து, பிறகு மூடிக்கொண்டது. உதடு பார்த்தே சோறு தின்கிறவளுக்கு அது தெரியாமல் போகுமா? விஷயம் தெரியாதவராக இருந்தால் அது யாரு தண்ணி சார் என்று கேட்டிருப்பார்.

"யார் சொன்னா?" என்று கேட்டார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க அன்னைக்குக் குழாய் பத்திச் சொன்னீங்களே, அதைப் படத்துல எழுதினேன். அதைக் கேட்டுட்டு ஒரு பொண்ணு..."

"படத்துலயா?" அவர் குரல் முதன்முதலாக உயர்ந்தது. "நான் சொன்னதைப் படத்துல போட்டுட்டியா? உனக்கு அறிவிருக்கா? இங்க இருக்கறவங்க படம் பாக்க மாட்டாங்களா? எவன் சொல்லிக் குடுத்தான்னு கேட்டா நான் என்ன சொல்றது? முதல்ல அதை எடுக்கச் சொல்லு."

"அப்ப உண்மையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் வேண்டாம் வேண்டாம் என்று மனதுக்குள் கதறினாள். அவர் நிதானமாகத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இங்க பாரும்மா. நான் யாரையும் அடிச்சதில்ல. ஒருத்தரை வாடா போடான்னுகூடச் சொன்னதில்ல. எந்த பிளாக்குன்னு மேலேருந்து சொல்வாங்க. நான் வால்வைத் தொடுவேன், அவ்வளவுதான். மனுஷங்களைத் தொட்டதே கிடையாது."

"ஒருத்தி கடல் தண்ணியைக் குடிச்சுச் செத்துப் போனாளாமே."

"அது என் ஷிப்ட் இல்ல" என்றார்.

இடி விழுந்த மாதிரி என்று எத்தனையோ படத்தில் எழுதியிருக்கிறாள். இடி விழுந்தால் சத்தமாவது கேட்கும். இங்கே ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை காலம் தன் பக்கத்தில் படுத்திருந்த மனுஷன், குழாய் சொட்டினால் எழுந்து போனவர், இவர்தானா என்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மாறவில்லை. அதே நிதானம், அதே நல்ல மனுஷர் முகம். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அக்கா, போனை வை." பின்னாலிருந்து தம்பியின் குரல். பாதி மடித்த சட்டையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். அவள் போனை அணைத்துவிட்டு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போகாதடா. அது ஹோட்டல் இல்லடா. உன்னை ஏமாத்தறாங்க. அங்க மனுஷங்களைக் கொண்டுபோய் அடைச்சு வெச்சு..."

"எனக்குத் தெரியும்கா."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். மாமா முன்னாடியே சொல்லிட்டாரு. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாரு, நீ தாங்க மாட்டேன்னு."

அவள் கையை விட்டுவிட்டாள். அவன் ஏதோ சாதாரண விஷயத்தைப் புரியவைப்பவன் போல மெதுவாகச் சொன்னான். "மாமாவுக்கு ஏன் லீவே கிடைக்கலைன்னு நினைக்கிறே? சாவியை யார்கிட்டயாவது குடுத்துட்டுத்தானே வரணும். வேற ஆளை வெச்சா பாவம் பார்த்துத் திறந்து விட்டுடறானாம். போன தடவை ஒருத்தன் அப்படித்தான் பண்ணியிருக்கான். அதான் நம்ம வீட்டு ஆளா இருந்தா நல்லதுன்னு கேட்டிருக்காங்க."

"நீ பாவம் பார்க்க மாட்டேன்னு யாருடா சொன்னா?"

"மாமாதான். அவன் உறுதியான பையன்னு சொல்லியிருக்காரு." சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி வந்தது. எந்தக் கடையிலும் ஒருவரும் அவனை உறுதியான பையன் என்று சொன்னதில்லை. பக்கத்து வீட்டு நாய் வண்டியில் அடிபட்டுச் செத்ததற்குச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்த பிள்ளை. அவனைத் தூக்கிவைத்துக்கொண்டு ஊட்டியது அவள் கை.

"செத்துப் போறாங்கடா."

"நான் போகலைன்னா வேற எவனாவது போகத்தான் போறான்கா. அவன் என்னைவிட மோசமா இருப்பான். நான்னா கொஞ்சம் கூடவே விடுவேன்."

"கூடன்னா எவ்வளவு?"

அவன் சட்டையை மடித்து முடித்து, காலரை நீவிவிட்டு, பெட்டியில் வைத்தான்.

அழுது பார்த்தாள். காலில் விழுகிறேன் என்றாள். அவன் பதறிப்போய் அவளைத் தூக்கி உட்காரவைத்து, முகத்தைத் துடைத்துவிட்டு, ஒரு வருஷம்தான்கா, அப்புறம் சொந்தமா ஒரு கடை போட்டுடுவேன் என்றான். கதவைப் பூட்டினால் உடைக்கிற வயது. எத்தனை திட்டினாலும் காலையில் கிளம்பத்தான் போகிறான் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். சீக்கிரம் வந்துடு, கடைசியா ஒருவேளை சேர்ந்து சாப்பிடலாம் என்று அவன் உள்ளேயிருந்து சொன்னான்.

பெஞ்சில் அந்தப் பெண் அப்படியே இருந்தாள். கொஞ்ச தூரம் தள்ளி, தரையைப் பார்த்தபடி கர்ஜனை அண்ணன் நின்றுகொண்டிருந்தார். மூன்று பேருமாகப் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள்.

அங்கே இருந்த பெண் அதிகாரி சிரிக்கவில்லை. அந்த மட்டுக்கு நல்லதாயிற்று. களைத்துப்போன கண்களோடு முழுவதையும் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு நாற்காலி போடச் சொன்னாள். பிறகு வசனக்காவைப் பார்த்தாள்.

"நான் நம்பலைன்னு சொல்லல. ஆனா நீங்களே யோசிங்க. ஒரு தீவுல அத்தனை பேரை வெச்சிருக்கான்னா, சோறு யாரு ஆக்கறா, டீசல் யாரு கொண்டுபோறா? அத்தனை வேலைக்காரங்கள்ல ஒருத்தன்கூடவா வெளிய வந்து சொல்ல மாட்டான்?"

"சொல்ல மாட்டாங்க மேடம்" என்றாள் வசனக்கா. "அவங்க வீட்டுக்குப் பணம் அனுப்பிட்டு, சாப்பிட்டியான்னு விசாரிச்சுட்டு இருப்பாங்க."

அதிகாரி பேனாவை மூடிவைத்தாள். "உங்க வீட்டுக்காரர் தண்ணி இன்ஜினியர். போட்டோ இருக்கு. அது குத்தம் இல்ல. போன்ல பேசினதைப் பதிவு பண்ணியிருக்கீங்களா? இல்ல. இவங்க சொல்றது மட்டும் இருக்கு. இதை வெச்சுக்கிட்டு மேல போனா, நடுக்கடல்ல வில்லன் இருக்கான், படகு குடுங்கன்னு நான் கேக்கணும். என்னை வெளிய அனுப்பிடுவாங்க. எந்தப் படகு, எந்தத் துறையிலேருந்து கிளம்புது, யாரு ஆள் ஏத்தறா, கையில பிடிக்கிற மாதிரி ஒண்ணு வேணும். அப்படி ஏதாவது இருக்கா?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இப்படித்தான் முடியும் என்று முன்பே தெரிந்தவள் மாதிரி மடியிலிருந்த பையை எடுத்துக் கிளம்ப ஆயத்தமானாள். அவளுடைய ஒல்லியான கழுத்தைப் பார்த்துக்கொண்டே வசனக்கா உட்கார்ந்திருந்தாள். கையில் பிடிக்கிற மாதிரி அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் காப்பாற்றத்தான் அவள் இத்தனை நேரமும் நாயாய் அலைந்துகொண்டிருந்தாள்.

"இருக்கு மேடம்."

"என்ன?"

"என் தம்பி. காலையில அவனை ஏத்திக்கப் படகு வருது. எங்கேன்னு அவனுக்குத் தெரியும், யாரு வருவாங்கன்னும் தெரியும். அங்க என்ன வேலைன்னும் தெரியும். தெரிஞ்சுதான் போறான்." குரல் உடையாமல் சொல்லி முடித்தாள். "அடிச்சுடாதீங்க. நான்தான் வளர்த்தேன்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆட்களைக் கூப்பிட்டாள். முகவரி கேட்டாள், வசனக்கா சொன்னாள். எந்த மாடி, பின்வாசல் உண்டா என்றெல்லாம் கேட்டாள், அதையும் சொன்னாள். கர்ஜனை அண்ணன் சுவர் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது அவள் போன் அடித்தது. திரையில் தம்பியின் படம்.

"அவனா?" என்றாள் அதிகாரி. "எடுத்துப் பேசுங்க. நாங்க போய்ச் சேர்ற வரைக்கும் வீட்டைவிட்டு நகரக் கூடாது. சாதாரணமா பேசுங்க."

எடுத்துக் காதில் வைத்தாள். "அக்கா, எங்க இருக்கே? பசிக்குது, உனக்காக சாப்பிடாம உக்காந்திருக்கேன்" என்றான் அவன்.

"இதோ வந்துட்டே இருக்கேன்டா" என்றாள். "எங்கயும் போயிடாதே. நான் வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம்."

சரிக்கா என்று அவன் வைத்துவிட்டான்.